கழிவுத் தேயிலை உலோக நஞ்சை வடிகட்டுமா?

லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது நாரும் தண்டும் தூசியும் மிஞ்சும். அதுதான் கழிவுத் தேயிலை. அனுமதிப்பத்திரமின்றி அதைக் கொண்டு சென்றவர்கள் கைதான செய்தி மலையகத்தில் அடிக்கடி வரும். ஆனால் அந்தக் கழிவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரில் கரைந்துள்ள ஈயம், செம்பு, கட்மியம் போன்ற உலோகங்களை அது பிடித்து வைக்கும்.

முலாம் பூசும் பட்டறைகள், தோல் பதனிடும் ஆலைகள், பற்றரித் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கழிவுநீரில் பார உலோகங்கள் கலந்திருக்கும். அவை உக்கி அழிவதில்லை. ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடிநீரில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

வழமையான சுத்திகரிப்பில் சுண்ணாம்பு சேர்த்து நீரின் காரத்தன்மையைக் கூட்டுவார்கள். உலோகங்கள் திரண்டு அடியில் சேறாகப் படியும். நச்சு கூடிய ஆறு வலுவளவுக் குரோமியத்தை மட்டும் முதலில் அமில நிலையில் மூன்று வலுவளவாக மாற்ற வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் சிறிதளவு உலோகம் நீரில் எஞ்சும். அதை நீக்கும் உயிர்ப்பூட்டிய கரியும் அயன் பரிமாற்றப் பிசினும் விலை கூடியவை.

அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் தேயிலைக் கழிவு பல நாடுகளில் ஆராயப்படுகிறது. அதிலுள்ள செலுலோசு, லிக்னின், தனின் ஆகியவற்றின் மேற்பரப்பில் உலோக அயன்கள் ஒட்டிக்கொள்கின்றன. நீர் அதிகம் அமிலமாக இருந்தால் ஒட்டுவது குறையும். சாயம் இறங்காதபடி கழிவை முன்கூட்டியே நன்றாகக் கழுவவும் வேண்டும். சாதாரணமாகத் தேநீர் ஊற்றும்போதே நீரிலுள்ள ஈயத்தில் சுமார் 15 வீதத்தை இலை பிடித்துக்கொள்வதாக அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2025இல் காட்டியது.

இதை நம்பி வீட்டுக் கிணற்றில் தேயிலைத் தூளைக் கொட்டிவிடக் கூடாது. 15 வீதம் போனாலும் 85 வீதம் நீரிலேயே இருக்கிறது. உலோகத்தைப் பிடித்த தேயிலையும் நஞ்சுதான். அதை மரக்கறித் தோட்டத்தில் பசளையாகப் போட்டால் நீரிலிருந்து எடுத்த நஞ்சு மண்ணுக்குப் போய்விடும். ஆபத்தான கழிவாகவே அதை அகற்ற வேண்டும்.

அந்தச் செலவு யாருடையது? சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற அடிப்படையில் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் மாசுக்குத் தேயிலைக் கழிவு தீர்வல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பின் நியாயம் உலோகக் கழிவுக்கும் பொருந்தும்.

லிந்துலையின் ஆக்ரா ஓயா நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியில் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. மலையில் நீரைக் காப்பது கிழக்கின் வயலையும் காப்பதாகும். உலோகத்தை ஆலை வாசலிலேயே தடுப்பதுதான் மலிவு. ஆற்றில் கலந்தபின் அதைப் பிரிப்பது மிகக் கடினம்.