தென்முசு

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் பிரயாணம் புறப்படுவோர் புளிச்சோற்றை வாழையிலையில் பொதிந்து நாரினால் இறுக்கிக் கட்டிக்கொண்டதனாலன்றோ அதற்குக் கட்டுச்சோறு என்னும் நாமம் வாய்த்தது. அவ்வாறே ஜப்பானியரும் கையால் அழுத்தித் திரட்டிய சோற்றுருண்டையை, கட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த 'முசுபி' என்ற பதத்தால் வழங்குகின்றனர். அப்பதத்தின் முற்பகுதியோடு, மாவில் தோய்த்துப் பொரித்த 'தெம்புரா'வின் முதலொலி கூடியதே 'தென்முசு'. உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டை. இடுப்பில் கடற்பாசித் தாள். உச்சியில் சோற்றைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் இறாலின் சிவந்த வால். மியே மாகாணத்துச் சு நகரில் 1950களில் ஓர் உணவுச்சாலையினர் தம்மவர் பசிக்கென்று செய்துகொண்ட இவ்வாகாரம், பிற்காலத்தில் நகோயா பட்டணத்தின் கீர்த்தியாக மாறிவிட்டது (பிறந்த ஊருக்கு இதில் மனத்தாங்கல் இருப்பது நியாயமே). தெம்புராவோ, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியே ஜப்பான் சேர்ந்த சொல் என்பது அறிஞர் பலரின் கொள்கை. நமக்கு ஜன்னலையும் மேசையையும் சாவியையும் தந்த அதே போர்த்துக்கேயர், அதே நூற்றாண்டில் நம் பழவேற்காட்டிலும் குடியேறியிருந்தனர். ஆயினும் அவ்வூர் ஏரியின் இறால், மாவுச்சட்டை அணியாமல், மிளகாயோடும் புளியோடும் சட்டியில் தொக்காகவே சுண்டிக்கொண்டிருக்கிறது.