கட்டடம் போகட்டும், காகிதம்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சி மாளிகை அது. ஊரே வருந்தியது. அதே இடத்தில், அதே தோற்றத்தில் சுமார் 15 கோடி ரூபாயில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். நல்ல காரியம்தான்.

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகக் கட்டடத்தையும் அண்மையில் இடித்துவிட்டார்கள். யாரும் வருந்தவில்லை, நானும்தான். மேற்கு வெயில் முழுதும் சுவரில் இறங்கும். ஐப்பசி பிறந்தால் ஃபைல் கட்டுகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்போம். எங்கள் பிரிவு இரண்டாம் மாடியில். செங்குத்தான படி. ஓய்வுபெற்ற சொல்தாக்களின் விதவைகள் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறி வருவார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதுதான் சரித்திரம். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தராதவர்கள் இந்தியர். இப்படி ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனதுண்டு.

பிறகு பென்ஷனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளின் நகல் தேவைப்பட்டது. பதிவேடு பிரெஞ்சில், மற்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில். தமிழ்ப் பெயரின் 'உ' ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து, ஆங்கிலத்தில் ஒன்று. அந்த ஓர் எழுத்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்தக் கையெழுத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். ஓய்வுபெறும்போது நான் ஒருவன்தான்.

இடிப்பதற்கு முன்பே பதிவேடுகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். சந்தோஷம். மேரியின் தூண்களையும் வளைவுகளையும் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பக் கட்ட முடிந்தது. செல்லரித்த பதிவேட்டை எதைப் பார்த்து எழுதுவது? அவற்றைப் படமெடுத்து வைப்பதோடு, இளம் ஊழியர்கள் சிலருக்காவது அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். என் போன்றவர்கள் இன்னும் சிலர் இங்கே இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், மாடிப்படி மட்டும் வேண்டாம்.