கடலோடிகள் அறிந்த சிகரம்

சென்னையின் வடகரை தாழ்ந்த மணற்கரை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை குன்று என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. ஆயினும் இக்கரையின் வரலாற்றில் ஒரு மலைச் சிகரத்திற்கு இடமுண்டு. வடமேற்கே, இன்றைய ஆந்திர எல்லைக்குள், காடு சூழ நிற்கும் நகரி மலையின் உச்சியே அது. ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள அம்முகட்டின் வடிவைக் கண்டு ஆங்கிலேய மாலுமிகள் அதனை ‘நகரி மூக்கு’ என்று அழைத்தனர்.

சென்னைக்கு முதல் கலங்கரை விளக்கம் 1796-இல்தான் வந்தது. துறைமுகப் பணியோ 1870-களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. கரை கண்ணுக்குப் புலப்படுமுன் தொலைமலைகளின் உச்சிகளே மாலுமிக்குத் திசை காட்டின. கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளுக்கிடையே கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகள். இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம் அப்படகோட்டிக் குலத்தாரின் உழைப்பில் எழுந்தது. ஊர்ப்பெயரும் அப்புனிதரின் பெயரிலிருந்தே வந்தது என்பர்.

மலையைக் கடலிலிருந்து அறியும் இக்கலை மாலுமிகளுக்கு மட்டும் உரியதன்று. குமரிக்கரை மீனவர் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகட்டையும் கரையிலுள்ள ஆலயக் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, நடுக்கடலில் மீன் மிகும் பாறைத்திட்டைக் கண்டடைந்தனர். ஒருநாளும் ஏறிப் பாராத சிகரத்தை நம்பி அவர்கள் வாழ்ந்தனர்.

இம்மலைகளுக்கும் வடசென்னைக்கும் இன்னோர் உறவும் உண்டு. அது நீரின் உறவு. நகரி மலைப்பகுதியில் பிறக்கும் நகரியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. அவ்வாற்றுநீர் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, மழைக்காலத்தில் மிகும்போது எண்ணூர்க் கழிமுகம் வழியாகக் கடலை அடைகிறது. இதே ஆற்றுப்படுகையில்தான், 1863-ஆம் ஆண்டு புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கால மனிதரின் கருவிகளைக் கண்டனர். அருகிலுள்ள குடியம் குகைகள் காடடர்ந்த குன்றுகளுக்குள் மறைந்திருக்கின்றன.

நெடுங்காலம் விறகு வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் தவிர வேறெவரும் அதிகம் நாடாத இக்குன்றுகளை, இந்நூற்றாண்டில் சென்னை இளைஞர்கள் தேடிச் செல்லத் தொடங்கினர். நாகலாபுரம் மலையின் ஓடைகளும் சுனைகளும் அவர்களுக்குப் பழகிய இடங்களாயின. இப்பழக்கம் ஒரு பெருந்துயரையும் கண்டது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பின் அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் வழிகாட்டலில் நாற்பது பாதைகள் திறக்கப்பட்டன. குடியம் அவற்றுள் ஒன்று.

விதிகள் உயிரைக் காக்கும். மலையைக் காப்பது ஏறுவோரின் மனப்பாங்கே. யாரும் வராத உச்சியை முதலில் மிதித்தோம் என்ற பெருமை நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் நாம் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே அவ்வுச்சி பிறருக்குப் பயன்பட்டிருக்கிறது. அங்கே எறியப்படும் நெகிழிப்பை வெள்ளத்தோடு இறங்கினால், அதன் வழி எண்ணூரை நோக்கியதே. அனல்மின் நிலையச் சாம்பலால் தூர்ந்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயாலும் கறைபட்ட அக்கழிமுகத்தில்தான் இன்றும் நம் மீனவர் இடுப்பளவு நீரில் நின்று இறால் தேடுகின்றனர். மேலே ஓடையைத் தூய்மையாக விட்டு வருபவர், முகம் அறியாத அம்மனிதருக்கே உதவி செய்கிறார்.