பதுளை ஓயாப் புறமும் ஏறாத ஏடும்

நமுனுகுல மலைப்புறத்து நீரையும் ஏற்றுப் பதுளை நகரை அணைந்து, துன்கிந்தையில் ஏறத்தாழ 64 மீற்றர் வீழ்ந்து, வடக்கு நோக்கிச் சென்று மகாவலி கங்கையிற் கலப்பது பதுளை ஓயா. ஓர் ஆற்றுப்புறத்தின் வரலாறு யாரை ஏற்கிறது, யாரை விடுகிறது என ஆராய்வார்க்கு இப்பகுதி தக்கதோர் சான்றாகும்.

பதுளைத் தூண் கல்வெட்டு கி. பி. பத்தாம் நூற்றாண்டினது. மகியங்கனையை அடுத்த சொரபொர வாவிப் பகுதியிலிருந்து அது பதுளைக்குக் கொணரப்பட்டது. ஓபிடிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும், அலுவலர் விதியை மீறிப் பொருள் பறிக்கின்றனர் என்று, மகியங்கனைக்கு வந்த மன்னனிடம் முறையிட்டனர். மன்னன் வகுத்த ஒழுங்கு கல்லிற் பொறிக்கப்பட்டது. குடிகளின் குறை கல்லேறியமையாலேயே, ஆயிரம் ஆண்டு கழிந்தும் அதனை நாம் அறிகின்றோம்.

இனித் தோட்டக் காலத்தை நோக்குவோம். 1869இல் மடுல்சீமையிற் கண்ட இலைநோய் நாளடைவில் இலங்கைக் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைக் கொண்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. இவ்வாண்டுகளை நூல்கள் தவறாது கூறும். ஆயின், தமிழகத்திலிருந்து வந்து மலைச்சரிவிற் கன்று நட்டோர் எழுத்தில் இடம்பெற்றவை பெரும்பாலும் செக்றோலும் துண்டுமே. செக்றோலில் ஒரு நாளுழைப்பு ஒரு 'பேர்'. வேலை குறையின் 'அரைப்பேர்'. துண்டோ, தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதைப் புதிய தோட்டத்திற்கு அறிவித்த சீட்டு. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது.

இவை உழைப்பையும் கடனையும் அளந்தன, வாழ்வை எழுதவில்லை. அக்குறையின் விலை பின்னர்த் தெரிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்ட மக்களை நாடற்றோராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது ஈண்டு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திற் பிறந்து லயத்திலேயே மூத்தவர்க்கும் காட்டுதற்கு ஏடு வேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. நாடற்றோராய் எஞ்சியவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியதாயிற்று. எழுதப்படாமை வெறும் அறிவுக்குறை அன்று. அது உரிமைக்குறையும் ஆயிற்று.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. லயம் புதையுமிடத்து ஏடும் நினைவும் உடன் புதைகின்றன. ஆதலின் பதிவு செய்யும் பணி நாளைக்கென ஒதுக்கத்தக்கதன்று. ஒவ்வொரு மாணவரும் தம் தோட்டத்து மலைகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களையும், காமன் கூத்து ஆடிய தலைமுறைகளையும், பிரட்டுக்களத்து நினைவுகளையும், பாட்டன் வந்த ஊரையும் வழியையும் முதியோர்பாற் கேட்டு எழுதுதல் வேண்டும். சொன்னவர் பெயரும் கேட்ட நாளும் உடன் குறிக்கப்படுக. பிறப்புச் சான்று, பழைய செக்றோல் முதலியன வீட்டில் இருப்பின் படியெடுத்துக் காக்கப்படுக.

ஓபிடிகமக் குடிகளுக்கு ஒரு கற்றூண் வாய்த்தது. நம்மவர்க்கு வாய்க்கவேண்டியது ஒரு குறிப்பேடும், அதனை எழுதத் துணியும் கையுமே.