பகைவர் இல்லாத களத்து வீரம்

சென்ற திங்கள் எம் வகுப்பிலே புறப்பொருள் இலக்கணம் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, எதிரில் பகைவனே இல்லாதபோது ஒருவனை வீரன் என்று சொல்லலாமோ?" என்று வினவினான். மற்றைப் பிள்ளைகள் நகைத்தனர். யாம் நகைத்திலேம். அவ்வினா சிறியதன்று, பேரரசுகளே நெடுங்காலம் விடை காண முயன்ற வினாவாகும். அதற்குள் மணி அடித்துவிட்டமையால் அரைகுறையாகவே விடை கூறி அமைந்தோம். எஞ்சியதை இப்பத்திரிகை வாயிலாக அவனுக்கும், அவனை ஒத்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூற விழைகின்றோம்.

முதற்கண் நம் முன்னோர் வழக்கத்தை நோக்குவோம். போரில் மாண்ட மறவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துக் கூறுகின்றது. ஆயினும் நம் நாட்டு நடுகற்கள் யாவும் போர்மறவர்க்கே உரியன என்று கொள்ளுதல் பிழையாம். ஊரைக் காக்கும்பொருட்டுப் புலியொடு பொருது மாண்டவனுக்கும் கல் நாட்டினர். அதனைப் புலிகுத்திக் கல் என்பர். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து அவனருகே காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் பொறித்துப் போற்றுகின்றது. அன்றியும், படைத்தலைவனுக்கு ஏனாதி மோதிரம் அளித்த மன்னரே வணிகனுக்கு எட்டிப் பூவும், அமைச்சுத் தொழில் பூண்டானுக்குக் காவிதிப் பூவும் அளித்துச் சிறப்பித்தனர். ஆகவே வாளேந்தினவனே சிறப்புக்கு உரியன் என்னும் குறுகிய எண்ணம் நமக்குப் பழமையானதன்று.

இனி மேனாட்டு வரலாற்றைக் காண்போம். ஆங்கில நாட்டில் 1856ஆம் ஆண்டு விக்டோரியா சிலுவை என்னும் பதக்கம் ஏற்பட்டது. கடைநிலைச் சிப்பாயும் பெறலாகும் உயர்ந்த விருது அஃது. ஆயினும் பகைவர் முன்னிலையில் ஆற்றிய வீரத்திற்கே உரியது. புயலில் உடைந்த கப்பலினின்றும் மாலுமியை மீட்டவனுக்கு அதில் இடமில்லை. அக்குறையை நீக்க 1866ஆம் ஆண்டு, மறைந்த தம் கணவர் ஆல்பர்ட் பெயரால் ஒரு பதக்கத்தை விக்டோரியா அரசியார் ஏற்படுத்தினர். அதனை முதன்முதற் பெற்றவர் படைவீரரல்லர். டெவன் நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்த சாமுவேல் பாப்பில்ஸ்டோன் என்னும் உழவர். பாறையில் மோதி உடைந்த கப்பலிலிருந்தோரைக் காக்கக் கயிறொன்றைக் கையிற்கொண்டு கொந்தளிக்கும் கடலோரத்துப் பாறைகளில் இறங்கிய பெருந்தகையார் அவர். கடலில் உயிர்காத்தோர்க்கே உரியதாயிருந்த அப்பதக்கம் 1877ஆம் ஆண்டு முதல் நிலத்தில் உயிர்காத்தோர்க்கும் உரியதாயிற்று.

மண்ணுக்குள்ளே இறங்கி நிலக்கரி வெட்டுவோர் துயரம் வேறு. சுரங்கத்தில் கூரை இடிதலும், வாயு தீப்பற்றி வெடித்தலும், வெள்ளம் புகுதலும் அந்நாளில் அடிக்கடி நிகழ்ந்தன. அங்ஙனம் அகப்பட்ட தோழரை மீட்கத் தம் உயிரைப் பொருட்படுத்தாது இறங்கினோர்க்கென 1907ஆம் ஆண்டு ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரால் எட்வர்டு பதக்கம் தோன்றியது. இரண்டாண்டு கழித்து ஏனைத் தொழிற்சாலைகளில் உழைப்போர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. கூலியாள் ஒருவனும் அரசன் கையால் பதக்கம் பெறலாம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இரண்டாம் உலகப்போர் இவ்வெல்லைகளையெல்லாம் கலைத்துவிட்டது. 1940ஆம் ஆண்டு இலண்டன்மீது செருமானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு பொழிந்தன. போர்க்களம் எது, வீட்டு முற்றம் எது என்று பிரித்தறிய இயலாதாயிற்று. விழுந்தவுடன் வெடியாத குண்டுகள் பல. அவற்றுட் சிலவற்றின் அகத்தே கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை தாமதித்து வெடிக்கும். அவற்றை அகழ்ந்தெடுத்துச் செயலிழக்கச் செய்வோர் எதிரே பகைவன் இல்லை. இரும்பும் மருந்துமே உண்டு. செப்டம்பர் 12ஆம் நாள் தூய பவுல் பேராலயத்தின் அருகே விழுந்து மண்ணுட் புதைந்த பெருங்குண்டொன்றை லெப்டினண்டு ராபர்ட் டேவிஸ் என்பாரும் ஜார்ஜ் வைலி முதலிய அவர்தம் ஆட்களும் மூன்று நாள் அகழ்ந்து எடுத்தனர்; ஊருக்குப் புறத்தேயுள்ள ஹாக்னி வெளிக்குக் கொண்டு சென்று வெடிக்கச் செய்தனர். பேராலயம் பிழைத்தது.

அம்மாதம் 24ஆம் நாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் சிலுவை என்னும் புதிய விருதை நிறுவினர். வெள்ளியாலாய அச்சிலுவையின் நடுவே புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும், நாடா கருநீலம். குடிமக்களில் ஆடவர் மகளிர் இருபாலார்க்கும், பகைவர் முன்னிலையிலன்றி வீரம் காட்டிய படையினர்க்கும் அஃது உரியது. வரிசையில் விக்டோரியா சிலுவைக்கு அடுத்த இடம் அதற்கு. டேவிஸும் வைலியும் அதனைப் பெற்றனர். 1942ஆம் ஆண்டு ஓயாத குண்டுவீச்சைப் பொறுத்துநின்ற மால்டாத் தீவு முழுமைக்குமே அவ்விருது வழங்கப்பட்டது.

சபோக் பிரபு என்பார் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவர் உயர்குடிப் பிறந்தவர், எனினும் படைவீரரல்லர். விஞ்ஞான ஆராய்ச்சியின் பொருட்டு வெடியாத குண்டுகளைப் பிரித்து ஆராய்ந்து வந்தார். அவருடன் எப்போதும் இருவர் செல்வர்: குறிப்பெழுதும் செயலாளர் அய்லீன் மார்டன் என்னும் பெண்மணி ஒருவர், வண்டியோட்டி பிரெட் ஹார்ட்ஸ் ஒருவர். 1941ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் எரித் சதுப்புநிலத்தில் குண்டொன்று வெடித்து மூவரும் மாண்டனர். பிரபுவுக்கு ஜார்ஜ் சிலுவை கிட்டியது. மற்றை இருவர்க்கும் கிட்டியது பாராட்டுரையே. வெடித்த குண்டு மூவரையும் ஒன்றாகவே கருதிற்று. மக்களாகிய நாமே வரிசை வகுத்தோம்.

இனி நம் நாட்டார் ஒருவரைக் கூறுவோம். 1780ஆம் ஆண்டு சென்னையில் தோன்றி, பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப்பிரிவை வாசகர் பலரும் அறிவர். பாலம் கட்டுதல், பாதை சமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் அவர்தம் பணி. அப்பிரிவின் வீரர்களைத் 'தம்பி' என்றழைப்பது படையில் வழக்கம். அதனுட் சுபேதார் பதவி வகித்த சுப்பிரமணியன் என்பார் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் என்னும் ஊரினர். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னுமிடத்தருகே தம் குழுவுடன் கண்ணிவெடிகளைத் தேடி அகற்றிக்கொண்டிருந்தார். உடனிருந்த லான்ஸ் நாயக் ஒருவரின் கால் புதைந்திருந்த வெடியொன்றில் பட்டது. மிதித்தபின் ஏறத்தாழ நான்கு வினாடி கழித்து வெடிக்கும் வகையைச் சேர்ந்தது அது. விலகித் தரையிற் படுத்திருப்பின் தாம் பிழைத்தல் கூடும் என்பதை அத்தொழிலிற் பழகிய அவர் அறியாதவரல்லர். எனினும் அவ்வெடியின் மேலேயே வீழ்ந்து அதன் முழு வேகத்தையும் தம் உடலால் ஏற்றார். அவர் மாண்டார், தோழர்கள் பிழைத்தனர். அவ்வாண்டிலேயே ஜார்ஜ் சிலுவை அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. வெடியை வைத்தவன் பகைவனே. ஆயினும் அக்கணத்தில் அவன் எதிரில் இல்லை. எதிரில் இருந்தவை தோழன் உயிரும் நான்கு வினாடியுமே.

நாடு விடுதலை பெற்றபின், 1952ஆம் ஆண்டு சனவரியில் நம் அரசு அசோகச் சக்கரம் என்னும் விருதை மூன்று வகுப்பாக ஏற்படுத்தி, 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லும் என அறிவித்தது. 1967ஆம் ஆண்டு அவை அசோகச் சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் எனப் பெயர் பெற்றன. இவையும் பகைவர் முன்னிலையிலன்றி ஆற்றிய வீரத்திற்கே உரியன; படையினரும் குடிமக்களும் பெறலாம். 1986ஆம் ஆண்டு கராச்சி விமான நிலையத்தில் கொலைஞர் கைப்பற்றிய விமானத்தில் பயணிகளைக் காத்து உயிர்நீத்த பணிப்பெண் நீர்ஜா பனோத், 2001ஆம் ஆண்டு பாராளுமன்ற வாயிலில் கொலைஞரைக் கண்டு எச்சரித்து மாண்ட காவற்பெண் கமலேஷ் குமாரி ஆகியோர் அசோகச் சக்கரம் பெற்றனர். உயிர்காத்தோர்க்கென ஜீவன் ரட்சா பதக்கங்களும் 1961 முதல் உள்ளன. 1989ஆம் ஆண்டு நவம்பரில் வங்காளத்து ராணிகஞ்சிலுள்ள மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, மேலிருந்து துளையிட்டு எஃகுக் கூண்டொன்றை இறக்கி 65 தொழிலாளரை மீட்டனர். அக்கூண்டிலே தாமே முன்வந்து இறங்கிய பொறியியலார் ஜஸ்வந்த் சிங் கில், அவ்வகையில் தலையாய சர்வோத்தம ஜீவன் ரட்சா பதக்கம் பெற்றார்.

இவ்வரலாற்றினின்றும் யாம் அறிவது யாது? வீரத்திற்குப் பகைவன் வேண்டுவதில்லை. பிறனொருவன் உயிர் எதிரில் இருத்தலே போதும். பதக்கம் தோன்றிய ஒவ்வொரு முறையும் முன்பு காணப்படாத ஒரு கூட்டத்தார் காணப்பட்டனர்: முதலிற் கடலோரத்து உழவர், பின்னர்ச் சுரங்கக் கூலியாளர், பின்னர் நகரத்துக் குடிமக்கள், பின்னர் மகளிர்.

ஆயின் இன்னும் காணப்படாதோர் உளர். நம் நகரங்களில் கழிவுநீர்க் குழியுள் இறங்கினவன் நச்சுவாயுவால் மயங்கி வீழ, அவனைத் தூக்க இறங்கிய தோழனும் அவனுடன் மாண்டான் என்னும் செய்தியை நாளிதழில் நாம் எத்துணை முறை படித்துக் கடந்து சென்றிருக்கின்றோம்! அத்தோழன் செயலுக்கும் மிஞ்ஞானோவில் நிகழ்ந்ததற்கும் வேற்றுமை யாது? காக்கும் கருவியின்றி ஆளை அங்ஙனம் இறக்குதல் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது. மாண்டவன் குடும்பத்திற்கு ஈடாகத் தரவேண்டிய தொகையை உச்சநீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் ரூபாயாகவும், 2023இல் 30 இலட்சமாகவும் வகுத்தது. அவ்வேலை யாருடைய பிறப்பின்மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது என்பதைச் சங்கமாகக் கூடியிருக்கும் நாம் அறியாதவர்போல் இருத்தல் தகாது.

பதக்கம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. வேண்டும். ஆயின் வீரனுக்குச் செய்யும் தலையாய சிறப்பு, மறுநாள் அவ்வீரம் தேவைப்படாவண்ணம் செய்தலேயாம். சுரங்கக் கூரையைத் தாங்கும் உறுதியான தூணும், குழியுள் ஆள் இறங்காது தூய்மை செய்யும் இயந்திரமும் பதக்கத்தினும் பெரிய மரியாதைகள்.

நம் சங்கத்து ஆண்டுவிழாவில் தேர்வில் முதன்மை பெற்ற பிள்ளைகளுக்குப் பதக்கம் அளிக்கின்றோம், நன்று. அவ்வண்ணமே, தம் ஊரிலே கிணற்றிலும் நெருப்பிலும் வெள்ளத்திலும் பிறருயிர் காத்தவர் யாவர் என்று விசாரித்து, எக்குலத்தவராயினும் அவர் பெயரையும் அவ்விழாவில் வாசிப்போமாக. நாயின் பெயரையும் மறவாது கல்லிற் பொறித்த நாட்டில், மனிதன் பெயர் மறக்கப்படுதல் நமக்கு இழுக்கு. எம் மாணாக்கனுக்கு யாம் கூறும் விடை இதுவே.