ஜாந்தூயா: துரின் நகரத்தின் ஹேசல்நட் சாக்லேட்

ஜாந்தூயா, வறுத்த ஹேசல்நட் பருப்பை விழுதாக அரைத்துக் கொக்கோவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் சாக்லேட். வட இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத் தலைநகரான துரின் இதன் தாயகம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, அடர் சாக்லேட் ஒன்றை இந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் 100 கிராமில் 20 முதல் 40 கிராம் வரை நைசாக அரைத்த ஹேசல்நட் இருந்தாக வேண்டும்.

இதன் பிறப்பைப் பற்றித் துரினில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பிரிட்டனின் வணிகத்தை முடக்க 1806 நவம்பரில் நெப்போலியன் தடை விதித்தார். கடல் கடந்து வரவேண்டிய கொக்கோ கிடைக்காமல் விலை ஏறியது. ஊர் மிட்டாய்க்காரர்கள் பக்கத்து லாங்கே குன்றுகளில் விளைந்த ஹேசல்நட்டைக் கலந்து கொக்கோவைச் சிக்கனப்படுத்தினார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலக்கணக்குதான் முழுவதும் ஒத்துவரவில்லை. அன்று சாக்லேட் என்றாலே பெரும்பாலும் கோப்பையில் ஊற்றிக் குடிக்கும் பானம். கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் காப்புரிமை பெற்றது 1828இல். கடித்துத் தின்னும் கட்டிச் சாக்லேட்டை இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் விற்கத் தொடங்கியது 1847இல். கலப்பது என்ற யோசனை தடைக்காலத்தில் தோன்றியிருக்கலாம். இன்று நாம் அறிந்த மிட்டாய் அதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது.

அதற்குப் பெயர் கிடைத்தது 1865இல், தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டத்தில். கஃபாரெல்-ப்ரோஷே நிறுவனம் தன் ஹேசல்நட் மிட்டாய்க்கு ‘ஜாந்துயோத்தோ’ என்று பெயரிட்டு அறிமுகப்படுத்தியது. முக்கோணத் தொப்பி அணிந்து, மதுவும் சிரிப்புமாகத் திரியும் நாட்டுப்புறத்தான் ஜாந்தூயா பீட்மாண்டின் கார்னிவல் வேடம். அவன் பெயரே மிட்டாய்க்கும் வந்தது. தனித்தனியாகத் தாள் சுற்றி விற்கப்பட்ட முதல் சாக்லேட் இதுதான் என்று துரின்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

பருப்பின் குணம்தான் இந்த மிட்டாயின் குணம். பீட்மாண்டின் ‘தோந்தா ஜென்டீலே’ வகை உருண்டையானது. வறுத்தால் மேல்தோல் எளிதில் உரிந்துவிடும். ஹேசல்நட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் எண்ணெய்தான். அரைக்க அரைக்க அது கசிந்து, தூள் விழுதாகி, விழுது குழம்பாகிறது. கொக்கோ வெண்ணெய் அறை வெப்பத்தில் இறுகி நிற்கும். ஹேசல்நட் எண்ணெய் உருகியே இருக்கும். இரண்டும் கலக்கும்போது சாக்லேட்டின் இறுக்கம் தளர்ந்து, நாக்கில் பட்டதும் கரைகிறது. அச்சில் ஊற்றினால் ஒட்டிக்கொள்வதும் இந்த மென்மையால்தான். அதனால் பழைய கைவினைஞர்கள் விழுதைத் தட்டைக் கரண்டிகளால் வெட்டித் தட்டில் வைத்தார்கள். கவிழ்த்த படகு போன்ற வடிவம் அப்படி வந்தது. இன்றும் சில பட்டறைகளில் அந்தக் கைவேலை தொடர்கிறது. எந்த அச்சும் தர முடியாத அழகு அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கொக்கோத் தட்டுப்பாடு மறுபடி வந்தது. லாங்கே குன்றுகளின் நடுவே இருக்கும் ஆல்பா ஊரில் பியெத்ரோ ஃபெரேரோ, 1946இல் ஹேசல்நட் மிகுந்த விழுதை ரொட்டி போன்ற கட்டியாக்கி விற்றார். கத்தியால் சீவி ரொட்டியில் வைத்துத் தின்ன வேண்டும். 1951இல் அது தடவும் பதத்துக்கு இளகியது. 1964இல் அவர் மகன் மிக்கேலே அதைத் திருத்தி ‘நுடெல்லா’ என்று பெயரிட்டார். நெப்போலியன் கதைக்கு இல்லாத உறுதியான சான்று இந்த இரண்டாம் தட்டுப்பாட்டுக்கு உண்டு.

பீட்மாண்டுக்கு வெளியேயும் இந்தச் சுவை பரவியது. 1922இல் பெரூஜா நகரில் லூயிசா ஸ்பன்யோலி, ஹேசல்நட் துணுக்குகள் கலந்த ஜாந்தூயா உருண்டையின் உச்சியில் முழுப் பருப்பு ஒன்றை வைத்துச் சாக்லேட்டில் தோய்த்தார். முதலில் ‘குத்து’ என்ற பொருளில் பெயர் பெற்ற அந்த மிட்டாய், பிறகு ‘பாச்சி’, அதாவது முத்தங்கள், ஆனது.

நேப்பிள்ஸ் நகரில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு இதே கூட்டு வேறு உருவில் வருகிறது. தேனும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த வழக்கமான கிறிஸ்துமஸ் ‘தொர்ரோனே’ கடினமானது. இது மிருதுவான சாக்லேட் தொர்ரோனே. வீட்டில் செய்வோர், உருக்கிய சாக்லேட்டை நீள்சதுர அச்சின் உட்புறம் முழுக்கப் பூசி இறுக விடுகிறார்கள். அந்த ஓட்டுக்குள், உருக்கிய சாக்லேட் சேர்த்த ஹேசல்நட் விழுதையும் வறுத்த முழுப் பருப்புகளையும் கலந்து நிரப்பி, மேலே மறுபடி சாக்லேட் ஊற்றி மூடுகிறார்கள். நன்றாக இறுகியபின் கவிழ்த்துத் துண்டு போட்டால், ஓடு சடக்கென்று உடையும். உள்ளே இளம்பழுப்பு விழுதின் நடுவே பருப்புகள் வட்ட வட்டமாகத் தெரியும்.