வீகன் உணவுமுறை: நம் ஃபிக்ஹ் நூல்கள் சொல்வது என்ன?

கல்லூரியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து, "இனிமேல் எனக்குக் கறி வேண்டாம், பால் போட்ட டீயும் வேண்டாம்" என்று சொல்வது இப்போது நம் வீடுகளிலும் நடக்கிறது. உம்மாவுக்கு வருத்தம். வாப்பாவுக்கோ, பிள்ளை மார்க்கத்தை விட்டே விலகுகிறதோ என்ற பயம். பதறுவதற்கு முன் விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் உருவாக்கியது. சைவம் சாப்பிடுவோர் பால், தயிர், நெய் சேர்த்துக்கொள்வார்கள். வீகன்கள் இவற்றையும் முட்டை, தேன், தோல் செருப்பு, கம்பளி, பட்டு எல்லாவற்றையும் தவிர்க்கிறார்கள். (பட்டு விஷயத்தில் மட்டும் நம் ஆண்களுக்குச் சிரமமில்லை.)

ஹலாலான ஒன்றைச் சாப்பிடாமல் இருப்பது பாவமல்ல. காலித் பின் வலீத் (ரலி) உடும்புக் கறி சாப்பிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தொடவில்லை, தடுக்கவும் இல்லை. தம் ஊரில் பழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். ஆனால் அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என்று சொல்வதும், சாப்பிடுகிறவரைக் கொலைகாரர் என்பதும் வேறு விஷயம். அல்மாயிதா அத்தியாயத்தின் 87ஆம் வசனம் அதைத்தான் தடுக்கிறது.

பல வீடுகளில் பேச்சு இந்த வசனத்தோடு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது என்பது நம் கருத்து. ஏனென்றால் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது அறுப்பதைப் பற்றி மட்டுமல்ல, அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றியும்தான். கன்றுக்கு மிச்சம் வைக்காமல் பாலைக் கறக்கலாமா? தேனீ சேர்த்ததை முழுக்க எடுத்துக்கொள்ளலாமா?

இவை மேற்கிலிருந்து வந்த கேள்விகள் என்று ஒதுக்க முடியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம்மவர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) 1277இல் மறைந்தவர். கன்றுக்குத் தீங்கு வரும் அளவுக்குக் கறக்கக் கூடாது என்று 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கிறார். தேன் எடுக்கும்போது கூட்டில் தேனீக்களுக்கும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்கிறது அவருடைய 'ரவ்ழா'. 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்), கால்நடைகளுக்கு மனிதர்மீது உள்ள உரிமைகளையே வரிசையாக எழுதினார். நோயால் பயன்படாமல் போன பிராணிக்கும் தீனி போட வேண்டும், தாயின் கண்முன் குட்டியை அறுக்கக் கூடாது என்பவை அவற்றில் உள்ளவை.

இனி நம் தெருவைப் பாருங்கள். கோழிகளைக் காலைக் கட்டி, பைக்கின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறார்கள். பிராய்லர் கோழி சுமார் 6 வாரத்தில் 2 கிலோ எடை வரும்படி வளர்க்கப்படுகிறது. முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் லாபப்படாது. அதனால் பொரிப்பகத்திலேயே கொன்றுவிடுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்தால் கறி ஹலால்தான். ஆனால் பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதற்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸும் நம்மிடம்தானே இருக்கிறது? இந்த இடத்தில் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளர்ப்பவரைத் தெரிந்து ஆடு, கோழி வாங்க வழியுள்ளவர்கள் அப்படி வாங்கலாம்.

பக்ரீதுக்கு என்ன செய்வது? ஷாஃபி மத்ஹபில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத். வீட்டில் ஒருவர் கொடுத்தால் குடும்பத்துக்குப் போதும். ஹனஃபி மத்ஹபில் வசதியுள்ளவர்மீது வாஜிப். அப்படிக் கடமையான பிள்ளை வேறொருவரைப் பொறுப்பாக்கி நிறைவேற்றலாம். அந்தக் கறியைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

உடல்நலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பி12 சத்து தாவர உணவில் போதுமான அளவு கிடைக்காது, மாத்திரை தேவைப்படும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நோன்புக் கஞ்சிக்குக் கறி சேர்ப்பதற்கு முன் ஒரு சிறிய சட்டியில் தனியாக எடுத்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் அந்தப் பிள்ளையும் எல்லோரோடும் ஒரே நேரத்தில் நோன்பு திறக்கலாம்.